முகம் காட்டினால்தான் கதவு திறக்குமாம், சாவி கேட்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். நியூயார்க்கில், க்வீன்ஸில் வாடகைக்கு இருக்கிறீர்கள். கட்டட நிர்வாகம் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகிவிட்டுப் போயிருக்கிறது: அடுத்த மாதத்திலிருந்து முன்வாசலுக்குச் சாவி செல்லாது, லாபியில் வைக்கப்போகும் கருவியின் முன் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும், வீட்டில் உள்ள எல்லோரும் வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைத் தடை செய்யச் சட்டம் வருகிறது என்கிறார்களே, வந்துவிட்டதா, அதுவரை மறுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசியில், போகிற போக்கில் மாதிரி, ஜூனில் அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிறார், அவருக்கும் பதிய வேண்டுமா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. முகத்தைக் கருவிக்குக் கொடுப்பதைவிட, உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பது வீட்டுக்காரர் கைக்குப் போவதுதான் உங்களை உறுத்துகிறது. சரியான இடத்தில்தான் உறுத்துகிறது.

நான் வக்கீல் இல்லை. பதினான்கு வருடமாக ப்ரூக்ளின், க்வீன்ஸ், ப்ராங்ஸ் பக்கம் அடுக்குமாடிகளுக்கு இன்டர்காம், கார்டு ரீடர், ஃபாப் (காட்டினால் கதவு திறக்கும் சின்ன மின்னணுச் சாவி), கேமரா எல்லாம் மாட்டிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் பிழைப்பு. சட்டத்தைப் படிக்க வேண்டி வந்ததுகூட, 2021-இல் நகரம் ஒரு சட்டம் போட்டு, நாங்கள் மாட்டிய பெட்டிகளை எல்லாம் அதற்கு ஏற்ப மாற்றச் சொன்னதால்தான். அதனால் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்வேன். உங்கள் லீஸில் இருக்கும் ஒரு வரியை நீதிபதி எப்படி வாசிப்பார் என்பதற்கு மட்டும் வாடகைதாரர் வக்கீல் ஒருவரைத்தான் பார்க்க வேண்டும்.

நேரடி பதில்: வாடகைக் கட்டடங்களில் முகம் அடையாளம் காணும் கருவியே கூடாது என்ற தடை, நியூயார்க் நகர மன்றத்தில் மசோதாவாக வந்தது. 2023-இல் கார்லினா ரிவேரா என்ற உறுப்பினர் கொண்டுவந்தார். பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தின் உரிமையாளர், வாடகைதாரரையோ அவருடைய விருந்தாளியையோ அடையாளம் காண முகம், கைரேகை மாதிரி உடல் அடையாளங்களைப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை நிறுவவோ இயக்கவோ கூடாது என்பது அதன் சாரம். கூடவே கடை, அரங்கம் போன்ற பொது இடங்களுக்கு ஷஹானா ஹனீஃப் இன்னொரு மசோதா கொண்டுவந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தை நடத்தும் நிறுவனம், தன் மேல் வழக்குப் போட்ட வக்கீல் அலுவலகங்களில் வேலை செய்பவர்களை முகத்தை வைத்துக் கண்டுபிடித்து வாசலிலேயே திருப்பி அனுப்பியது பெரிய செய்தியாகியிருந்தது. அந்தச் சூட்டில் மே மாதம் விசாரணைக் கூட்டமும் நடந்தது. ஆனால் அந்த மன்றத்தின் காலம் 2023 டிசம்பரோடு முடிந்தபோது மசோதாவும் காலாவதியாகி, 2024-இல் புதிதாகத் தாக்கல் செய்யப்பட்டது. நகர மன்றத்தில் இதுதான் வழக்கம்: காலம் முடிவதற்குள் வாக்கெடுப்புக்கு வராத மசோதா மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஆக, "சட்டம் வரப்போகிறது" என்று யாராவது சொன்னால், அதை நம்பி நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்குக் கையில் இருப்பது 2021-ஆம் வருடத்து உள்ளூர்ச் சட்டம் 63. டெனன்ட் டேட்டா ப்ரைவசி ஆக்ட் என்பார்கள். அது முகக்கருவியைத் தடை செய்யவில்லை. சாவி இல்லாமல் ஃபாப், செயலி, கைரேகை, முகம் என எதை வைத்துத் திறந்தாலும், அந்தக் கட்டடம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்கிறது. எழுத்திலோ செயலி வழியாகவோ உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் உங்கள் பதிவை எடுக்கக் கூடாது. எளிய மொழியில் எழுதிய தனியுரிமைக் கொள்கையை உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கதவு திறந்த பதிவுகளை 90 நாளுக்குள் அழிக்க வேண்டும், இல்லையேல் யார் என்று தெரியாதபடி ஆக்க வேண்டும். குழந்தைகளின் பதிவைப் பெற்றோர் எழுத்தில் அனுமதிக்காமல் எடுக்கக் கூடாது. யார் எத்தனை மணிக்கு எவ்வளவு முறை வந்தார்கள் என்று பார்த்து, அதை வைத்துத் தொல்லை கொடுக்கவோ காலி செய்ய வைக்கவோ கூடாது. தரவை விற்றால் வாடகைதாரரே வழக்குப் போடலாம், ஆளுக்கு 200 முதல் 1,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். ஏற்கனவே கருவி வைத்திருந்தவர்களுக்கு 2023 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் நான் தூங்கியதே குறைவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால் "சம்மதம்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான். பதிவு நாளன்று லாபியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை ஒரு பாட்டி, கையில் காய்கறிப் பையோடு வந்தார், சீன மொழி மட்டும்தான் தெரியும். டேப்லெட்டில் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். சூப்பர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்தில் நின்றுகொண்டு விரலால் 'ஓகே' பொத்தானைக் காட்டினார். பாட்டி அழுத்தினார். கருவி "இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள்" என்றது, அவர் பையைக் கீழே வைக்காமலே திரும்பினார். சட்டப்படி அது சம்மதம். தன் வீட்டு வாசலிலேயே நிற்கும் ஒருவரிடம், இதை அழுத்தினால்தான் உள்ளே போகலாம் என்று சொல்லி வாங்குவதற்கு எனக்கு வேறு பெயர் தோன்றுகிறது.

இன்னொரு ஓட்டையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2021 சட்டம் கதவைத் திறக்கும் அமைப்புகளைப் பற்றியது. லாபியிலும் லிஃப்டிலும் இருக்கும் சாதாரணக் கேமராவின் படத்தை எடுத்து, பின்னால் ஒரு மென்பொருளில் போட்டு முகம் தேடினால், அது கதவைத் திறப்பதில்லையே. கருவியின் முன் நின்று முகம் காட்டும்போதாவது காட்டுகிறோம் என்று நமக்குத் தெரியும். கூரையில் இருக்கும் கேமராவில் அந்த வசதி இயங்குகிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்து நானே சொல்ல முடியாது, இத்தனைக்கும் மாட்டியவன் நான். நிறுவும்போது இல்லாத வசதியைப் பிறகு ஒரு லைசென்ஸ் வாங்கி, ஏணி ஏறாமல், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இயக்கிவிடலாம். முன்மொழியப்பட்ட தடை, கதவு என்று பிரிக்காமல் அடையாளம் காணும் தொழில்நுட்பத்தையே பிடிப்பதால் இதையும் பிடிக்கும். மசோதாவில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

இந்த மசோதாக்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். ப்ரூக்ளினில் ப்ரவுன்ஸ்வில் பகுதியில் அட்லான்டிக் ப்ளாசா டவர்ஸ் என்று இரண்டு உயரமான கட்டடங்கள், 700 வீட்டுக்கு மேல், வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு வைக்கிற ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீடுகள். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அதிலும் பெண்கள். ஃபாபும் கேமராவும் ஏற்கனவே இருந்தன. 2018-இல் நிர்வாகம் முகக்கருவி வைக்க மாநில வீட்டுவசதித் துறையிடம் அனுமதி கேட்டது. ரென்ட் ஸ்டெபிலைஸ்டு கட்டடத்தில் ஏற்கனவே இருக்கும் ஒரு சேவையை மாற்ற வேண்டுமென்றால் அப்படிக் கேட்டாக வேண்டும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். சில பெண்கள் லாபியில் நின்று அண்டை வீட்டாரிடம் இதைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். சில நாளில் அவர்களுக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: லாபி இதற்கான இடமில்லை என்று. உள்ளே அவர்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் கேமராப் படங்கள். முகக்கருவி வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2019 மே மாதம் 130-க்கு மேற்பட்டவர்கள் சட்ட உதவி மையத்தின் துணையோடு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள், நவம்பரில் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை, அதனால் முன்னுதாரணம் என்று காட்ட முடியாது. ஆனால் அவர்கள் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை. அந்த ஆண்டே அந்தப் பகுதியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் யிவெட் கிளார்க், அயானா ப்ரெஸ்லி, ரஷீதா தலைப் ஆகியோருடன் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் வீடுகளில் இந்தக் கருவிகள் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அதைப் பல முறை திரும்பத் தாக்கல் செய்தும் நிறைவேறவில்லை.

இனி நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம், கதவுக்குப் பின்னால் இருக்கும் திரை. சாவியால் திறந்தால் எங்கேயும் எதுவும் எழுதப்படாது. ஃபாபோ முகமோ என்றால் ஒரு வரி விழும்: வீட்டு எண் 4சி, முன்வாசல், இரவு 11:42, அனுமதி. முகக்கருவியாக இருந்தால் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படமும் இருக்கும். ஒரு வரியைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு மாதத்து வரிகளை வீட்டு எண் வாரியாக அடுக்கினால், யாருக்கு இரவு ஷிஃப்ட், யார் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் தங்குகிறார், யார் இரண்டு வாரமாக வரவே இல்லை என்பது கதை படிப்பது மாதிரி தெரியும். அடுக்குவதற்கு மூன்று க்ளிக் போதும். 2021-க்கு முன்னால் ஒரு கட்டடத்தில், ரீடர் பழுது பார்க்கப் போனவனிடம், குறிப்பிட்ட ஒரு வீட்டின் பதிவுகளை மட்டும் எக்ஸெல்லில் எடுத்துத் தரச் சொன்னார் அலுவலகத்தில் இருந்தவர். ஏன் என்று நான் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். அப்போது அதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் அந்த வீட்டில் இருந்தவர் சில மாதம் கழித்து காலி செய்துவிட்டார் என்று சூப்பர் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதிவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அது வெறும் ஃபாப். ஃபாபை மனைவியிடம் கொடுக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கலாம், அதனால் யார் வந்தது என்று அந்த வரி சத்தியம் செய்யாது. முகத்தை இரவல் கொடுக்க முடியாது.

வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீட்டில் அது உங்கள் முதன்மை வீடாக இருக்க வேண்டும். வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாகத்தான் அங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட முடிந்தால், புதுப்பிக்க மறுப்பதற்கு அது ஒரு முக்கியமான வாதம். அனுமதியில்லாத உள்வாடகை இன்னொரு வாதம். 2019 ஜூனில் மாநிலம் சட்டத்தைத் திருத்தும் வரை, பழைய ஆள் காலி செய்தால் வாடகையை ஒரேயடியாக உயர்த்தவும், ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டுப்பாட்டிலிருந்தே வெளியே கொண்டுபோகவும் வழி இருந்தது. இப்போது அந்த லாபம் வெகுவாகக் குறைந்துவிட்டது, அதனால் எல்லா வீட்டுக்காரரும் இதற்காகத்தான் கருவி வைக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் விற்பனைக்காரர் சொன்னதைக் கேட்டு, காப்பீட்டுக்கு நல்லது, பார்க்கப் புதிதாக இருக்கும் என்று வாங்குகிறார்கள். பிறகு பட்டியல் கையில் இருக்கிறது, ஒரு நாள் கோபம் வருகிறது, திறந்து பார்க்கிறார்கள். 90 நாளில் அழிக்க வேண்டும் என்ற விதியும் இங்கே முழுசாக உதவாது. மென்பொருளிலிருந்து தானாக அழியும்படி நான் அமைத்துவிடுவேன், ஆனால் அதற்கு முன் ஒருவர் எக்ஸெல்லில் இறக்கிக்கொண்டால் அந்தக் கோப்பு அவர் மேஜையில் இருக்கும். எந்த இன்ஸ்பெக்டரும் அதைத் தேடிப் போகமாட்டார்.

அம்மா விஷயம். அம்மா உங்களோடு தங்குவதைப் பற்றி நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலச் சட்டப்படி வாடகைதாரர் தன் நெருங்கிய குடும்பத்தாரோடு வசிக்கலாம், லீஸில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும் சரி. வீட்டின் அளவுக்கு மீறிய கூட்டம் என்றால் அது வேறு விஷயம். அவர் முகத்தைப் பதிய அவருடைய சம்மதம் வேண்டும், உங்கள் கையெழுத்து அவருக்குச் செல்லாது. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், பதியாவிட்டால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வரும்போது நீங்கள் ஆபீஸிலிருந்து செயலியில் கதவைத் திறக்க வேண்டும். அப்போது அந்த வரி உங்கள் பெயரில் விழும், "தொலைவிலிருந்து திறக்கப்பட்டது" என்று. அதனால்தான் அவருக்கு ஒரு சாவி வேண்டும் என்கிறேன். ஒரு சின்னத் தகவல்: உங்கள் வீட்டின் சொந்தக் கதவு, அதாவது 4சி என்று எழுதியிருக்கும் கதவு, வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டோடு இருக்க வேண்டும் என்று நகரின் வீட்டுப் பராமரிப்பு விதியிலேயே இருக்கிறது. பிரச்சினை கட்டடத்தின் முன்வாசலில்தான். அங்கேயும் சாவி கட்டாயம் என்று ஆக்க, பிராட் லேண்டர் நகர மன்றத்தில் இருந்தபோது ஒரு மசோதா கொண்டுவந்தார், அதன் பெயர்ச் சுருக்கமே 'கீஸ்' என்று வரும்படி அமைத்திருந்தார்கள். சட்டமானது அது இல்லை, தரவு பற்றிய சட்டம்தான். மான்ஹாட்டனில் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் செயலிப் பூட்டு வைத்ததற்கு எதிராகக் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு, 2019-இல் சமரசம் ஆகி, கேட்டவர்களுக்குச் சாவி கிடைத்தது. அவர்களில் ஒருவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது, அவரால் அந்தச் செயலியைப் பயன்படுத்த முடியவில்லை. அதுவும் சமரசம்தான், தீர்ப்பு இல்லை.

கருவி சரியாக அடையாளம் காணுமா என்ற கேள்வியைப் பலர் முதலில் கேட்பார்கள், நான் வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். 2019 டிசம்பரில் அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 189 மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. பலவற்றில் ஆப்பிரிக்க, கிழக்கு ஆசிய முகங்களைத் தவறாக வேறொருவர் என்று பொருத்துவது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது. தெற்காசிய முகங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் அதிகம்தான். எல்லா மென்பொருளும் அப்படி இல்லை, நல்லவற்றில் இந்த வித்தியாசம் சிறிது. உங்கள் கட்டடத்தில் வரப்போவது எது என்று நோட்டீஸில் மாடல் எண் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் காட்டுகிறேன். ஓர் ஒப்பீட்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு தவறு என்று வைத்துக்கொள்வோம், கேட்க அற்புதமாக இருக்கிறது. கட்டடத்தில் 500 பேர் பதிந்திருந்தால், வாசலில் நிற்கும் ஒரு வெளியாளை அது 500 முகங்களோடும் ஒப்பிடும், அப்போது அவர் யாரோ ஒருவராகப் பொருந்திவிடும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 சதவீதம். கதவு திறக்கும், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் வரி உங்கள் பெயரில் விழும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு தொல்லை. ஜனவரியில் மஃப்ளரும் குல்லாவும் போட்டுக்கொண்டு வருபவர்களைக் கருவி ஏற்காது. சபரிமலைக்கு மாலை போட்டு ஒன்றரை மாதம் தாடி விட்ட என் நண்பரை அவர் கட்டடத்துக் கருவி மூன்று வாரம் தினமும் தடுமாற வைத்தது. புகார் அதிகமானால் நிர்வாகம் எங்களைக் கூப்பிடும், நாங்கள் வந்து பொருத்தத்தின் அளவுகோலைத் தளர்த்துவோம். தளர்த்தினால் புகார் நின்றுவிடும், வெளியாட்கள் நுழைவதும் எளிதாகும். அந்தத் தளர்த்தலை யாருக்கும் அறிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்து விதி இல்லை. ப்ரூக்ளினில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் இருக்கும் கட்டடங்களில் வேறு சிக்கல், வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை அவர்கள் மின்சாரக் கருவி எதையும் இயக்கமாட்டார்கள். அங்கே எல்லாம் நிர்வாகமே பழைய சாவித் துளையை விட்டுவைக்கச் சொல்லும். அதாவது சாவியும் கருவியும் ஒரே கதவில் இருக்க முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், அதை நான் என் கையாலேயே மாட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் பக்க நியாயமும் இருக்கிறது. சாவியைத் தெருமுனைக் கடையில் நகல் எடுத்துவிடலாம், ஃபாபையும் இப்போது சின்னக் கருவியில் நகல் எடுக்கிறார்கள். பார்சல் திருட்டு, படிக்கட்டில் வந்து படுப்பவர்கள், சுற்றுலா வலைதளத்தில் வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள், இவை எல்லாம் கற்பனை இல்லை, அங்கே குடியிருப்பவர்களே புகார் செய்பவைதான். ஆனால் என் அனுபவத்தில் வெளியாள் உள்ளே வருவது பெரும்பாலும் முன்னால் போகிறவர் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொள்வதால்தான். அதை எந்த முகக்கருவியும் தடுக்காது. கதவைத் தானாக மூடும் கருவியும் அதன் இழுவிசையும் சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும், அந்த உதிரிப்பாகத்துக்கு ஆகும் செலவு கருவிச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதை விற்கத்தான் ஆள் இல்லை.

அரசு நடத்தும் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், 2023-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை விரிவாக எழுதியது. மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் பாதுகாப்புக்காகக் கொடுத்த மானியத்தில் கேமராக்கள் வாங்கப்பட்டிருந்தன. நார்த் டகோட்டாவில் ரோலெட் என்ற சிற்றூரில் சுமார் நூறு பேர் குடியிருக்கும் இடத்தில் 107 கேமரா. வர்ஜீனியாவில் ஸ்காட் கவுன்டியில், தடை செய்யப்பட்டவர்கள் வருகிறார்களா என்று கேமரா எல்லோர் முகத்தையும் தேடிக்கொண்டிருந்தது. அந்த வருடமே ஹட், இனிமேல் அந்த மானியத்தில் முகம் அடையாளம் காணும் கருவி வாங்கக் கூடாது என்றது. முன்பே வாங்கியதைக் கழற்றச் சொல்லவில்லை, வேறு பணத்தில் வாங்குவதைத் தடுக்கவும் இல்லை.

மற்ற இடங்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2008-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது: எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகப்பதிவு எடுத்தால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம், கவனக்குறைவு என்றால் 1,000 டாலர், வேண்டுமென்றே என்றால் 5,000. நியூயார்க் சட்டத்தில் தரவை விற்றால்தான் அப்படி வழக்குப் போட முடியும், சம்மதம் வாங்காததற்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தால் எங்கள் தொழிலில் சிகாகோ என்றாலே விற்பனைக்காரர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள். இன்னொன்று சீனா, ஆம், சீனாதான். அங்கே உச்ச மக்கள் நீதிமன்றம் 2021-இல் ஒரு விளக்கம் வெளியிட்டது: குடியிருப்பு நிர்வாகம் முகத்தை மட்டுமே நுழைவு வழியாக வைத்து, சம்மதிக்காத குடியிருப்பாளர் வேறு வழி கேட்டால் மறுக்க முடியாது. அரசு தன் பங்குக்கு முகங்களை என்ன செய்கிறது என்பது வேறு கதை, ஆனால் வாசல் கதவு விஷயத்தில் ஷாங்காயில் குடியிருப்பவருக்கு எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரி க்வீன்ஸில் இருப்பவருக்கு இல்லை.

தடையா, சாவி உரிமையா என்று என்னைக் கேட்டால், உங்கள் மாதிரி நிலைமைக்கு நான் சாவி உரிமையைத்தான் முதலில் கேட்பேன். இன்ஸ்பெக்டர் வந்தால் சாவித் துளை இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்து அபராதம் எழுதலாம். சர்வரில் என்ன ஓடுகிறது என்று அவரால் பார்க்க முடியாது, ஒரு மென்பொருள் "நிறுத்தப்பட்டது" என்று நிர்வாகம் சொன்னால் அவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் சாவி மட்டும் இருந்தால் கூரைக் கேமரா தப்பித்துவிடும், அதற்குத் தடைதான் வழி. என்னோடு இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் தடை வந்தால் வேலை போகும் என்கிறார்கள். போகாது, கதவு இருக்கும்வரை பூட்டு இருக்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. எதையும் லாபி மேஜையில் அழுத்தாதீர்கள். முதலில் உங்கள் வீடு ரென்ட் ஸ்டெபிலைஸ்டா என்று பாருங்கள். லீஸில் அதற்கான இணைப்புத் தாள் இருக்கும், சந்தேகம் என்றால் மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். அப்படி இருந்தால், சேவையை மாற்ற மாநிலத்திடம் அனுமதி கேட்டீர்களா என்பது உங்கள் முதல் கேள்வி, ப்ரவுன்ஸ்வில்லில் எல்லாம் தொடங்கியது அங்கேதான். இல்லாவிட்டாலும் ஒரு கடிதம் எழுதுங்கள்: கருவியின் தயாரிப்பாளர், மாடல் என்ன, சட்டப்படி தர வேண்டிய தனியுரிமைக் கொள்கை எங்கே, பதிவுகளை யார் பார்க்கலாம், மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்புகளும் 90 நாளில் அழிக்கப்படுமா, லாபிக் கேமராவில் முகம் தேடும் வசதி இருக்கிறதா, முகத்தைப் பதிய நான் சம்மதிக்கவில்லை, எனக்கும் என் குடும்பத்துக்கும் சாவியோ ஃபாபோ தாருங்கள். மின்னஞ்சலோடு நிற்காமல் ரசீது வரும் தபாலிலும் அனுப்புங்கள். மறுத்தால் உடனே காலி செய்ய வைக்க முடியாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தினால் அது சட்டவிரோத வெளியேற்றம், நகரின் புகார் எண்ணான 311-ஐ அல்ல, நேராகப் போலீஸைக் கூப்பிடலாம். பக்கத்து வீடுகளில் கேளுங்கள், இதே நோட்டீஸ் எல்லோருக்கும்தான் வந்திருக்கும். தனியாக ஒரு கடிதம் என்றால் சூப்பர் பெட்டியில் கிடக்கும், முப்பது கடிதம் என்றால் எங்கள் அலுவலகத்துக்கு போன் வரும், "அந்தக் கதவில் சாவித் துளையும் விட முடியுமா" என்று. முடியும் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

நோட்டீஸை, பெயரும் முகவரியும் மறைத்து, படம் எடுத்துப் போட்டால் கருவி எது என்று பார்த்துச் சொல்கிறேன்.